80-களின் தமிழ்ப் படங்களை இன்று ஒழுங்காகப் பார்ப்பது எப்படி?

கேள்வி: "அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவுக்கு, அவர்கள் இளவயதில் கொண்டாடிய மோகன், கார்த்திக், விஜயகாந்த், ரேவதி படங்களைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டுகிறேன். 'தியேட்டரில் பார்த்தபோது இப்படி இல்லையே' என்கிறார்கள். நினைவு ஏமாற்றுகிறதா, பிரதியில் கோளாறா? எந்தப் படங்களில் தொடங்கலாம்?"

பெரும்பாலும் பிரதியில்தான் கோளாறு. உங்கள் பெற்றோரின் நினைவை நம்பலாம். அவர்கள் தியேட்டரில் பார்த்தது 35 மி.மீ. பிரின்ட். உங்கள் டிவியில் ஓடுவது, அப்படியொரு பிரின்ட்டிலிருந்து வீடியோ கேசட்டுக்காக எடுத்த நகல். கேசட்டிலிருந்து சிடி, சிடியிலிருந்து இணையம். ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று உதிர்ந்திருக்கிறது: ஓரம், நிறம், சுருதி, சில நேரம் ஒரு பாட்டு முழுசாக. எது போயிற்று என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் பாதிக் குறையை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். மீதிக்கு வேறு பிரதி தேட வேண்டும்.

முதலில் படத்தின் நான்கு ஓரச் சட்டத்தைப் பாருங்கள். 80-களில் வந்த வண்ணப் படங்களில் பல சினிமாஸ்கோப். உயரம் 1 என்றால் அகலம் 2.35. அன்றைய டிவியின் அகலமோ 1.33தான். அதனால் கேசட்டுக்கு மாற்றியவர்கள் இரு ஓரத்தையும் வெட்டிவிட்டு நடுவை மட்டும் எடுத்தார்கள். கணக்குப் போட்டால் அகலத்தில் 57 விழுக்காடுதான் மிஞ்சும். பிறகு அகல டிவி வந்ததும், கறுப்புப் பட்டை தெரியக் கூடாது என்பதற்காக அதே வெட்டுப்பட்ட படத்தின் உயரத்தில் மேலும் கீழுமாகச் சேர்த்துக் கால் பங்கை வெட்டி 'எச்டி' என்று ஏற்றினார்கள். இரண்டு வெட்டும் சேர்ந்தால், தியேட்டரில் தெரிந்த படத்தில் 100-க்கு 42 பங்குதான் இப்போது கண்ணில் படுகிறது. இருவர் இரு ஓரத்தில் நின்று பேசும் காட்சியில் நடுவில் இருக்கும் தூண் மட்டும் தெரிவது இதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்க நல்ல இடம் டைட்டில். பெயர்கள் முழுசாகத் தெரிய வேண்டுமே என்று டைட்டில் பகுதியை மட்டும் வெட்டாமல் பக்கவாட்டில் நெருக்கி வைத்திருப்பார்கள். பெயர் ஓடும் வரை ஆட்கள் ஒல்லியாக, முகம் நீண்டு தெரிவார்கள். இயக்குநர் பெயர் வந்து மறைந்த அடுத்த நொடி எல்லோரும் சட்டென்று சாதாரண உடம்புக்கு வந்துவிடுவார்கள், கூடவே படம் பெரிதாகி ஓரங்கள் காணாமல் போகும். அப்படித் துள்ளினால் அது ஸ்கோப் படம், உங்களிடம் இருப்பது வெட்டிய பிரதி. இதற்கு வீட்டில் மருந்து இல்லை. மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு, ஓரம் வெட்டாத வேறு பிரதியைத் தேடுங்கள். அந்தப் பட்டையைக் குறை என்று நினைக்கவே வேண்டாம், அதுதான் முழுப் படம் இருப்பதற்குச் சாட்சி.

வீட்டிலேயே சரியாகக் கூடியது இன்னொரு கோளாறு: வெட்டாமல் இழுத்திருப்பது. 4:3 படத்தை 16:9 திரை நிரம்ப இழுத்தால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார்கள். கதாநாயகியின் பொட்டையோ பஸ் சக்கரத்தையோ பாருங்கள். வட்டமாக இல்லாமல் முட்டையாக இருந்தால் டிவி ரிமோட்டில் படத்தின் அளவை 'ஒரிஜினல்' அல்லது 4:3 என்று மாற்றுங்கள். கணினியில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் பார்த்தால் 'ஏ' விசையை அழுத்த அழுத்த அளவு மாறிக்கொண்டே வரும், பொட்டு வட்டமாகும்போது நிறுத்துங்கள்.

கீழே வெட்டுப்பட்டால் என்ன நட்டம் என்பதற்கு 1989-ல் வந்த 'அபூர்வ சகோதரர்கள்' நல்ல எடுத்துக்காட்டு. குள்ள அப்புவாகக் கமல் நடித்ததில் ஒரு முறை, முழங்காலை மடக்கிக் கட்டி, முழங்காலிலேயே காலணியை மாட்டி நடப்பது. இன்னொரு முறை, தரையில் குழி வெட்டி அதற்குள் நிற்பது. ஒரே படத்தில் காட்சிக்குத் தக்கபடி முறை மாறுகிறது. கணினி வேலை எதுவும் இல்லாத காலம். தியேட்டரில் ஜனம் உற்றுப் பார்த்தது அந்தக் கால்களைத்தான். கால் தெரியாத பிரதியில் அந்த உழைப்பே தெரியாது.

அடுத்தது வேகம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை, ஆனால் 'பாட்டு கீச்சென்று இருக்கிறது' என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். நம் நாட்டு வீடியோ முறையான 'பால்' (PAL) நொடிக்கு 25 ஃபிரேம். மாற்றும்போது 24-ஐ 25-ஆக அப்படியே ஓட்டிவிட்டார்கள். படம் 4 விழுக்காடு வேகமாகிறது, சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடுகிறது. எஸ்.பி.பி.யின் குரலில் இருக்கும் கனம் போய் இளசாகக் கேட்கும், எஸ். ஜானகியின் மேல் ஸ்தாயி காதைக் குத்தும். ஹார்மோனியம் வாசிப்பவர்கள் வீட்டில் இருந்தால் உடனே பிடித்துவிடுவார்கள். மற்றவர்கள், அதே பாட்டின் இசைத்தட்டு வடிவத்தை ஒரு கருவியிலும் படத்தை இன்னொன்றிலும் போட்டு, பல்லவியின் முதல் சொல்லை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டால் போதும்.

சரிசெய்ய: விஎல்சியில் வேகத்தை 0.96 ஆக்குங்கள். அதோடு நின்றால் வேகம்தான் குறையும், சுருதி இறங்காது, ஏனென்றால் வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் காக்கும் வசதி அதில் முதலிலிருந்தே போட்டிருக்கும். அமைப்புகளில் ஆடியோ பகுதிக்குப் போய் 'டைம் ஸ்ட்ரெச்சிங்' என்பதன் டிக்கை எடுத்துவிட்டு 0.96 வையுங்கள். அப்போதுதான் குரல் பழைய இடத்துக்கு இறங்கும். இணையத்தில் சிலர், காப்புரிமைச் சோதனையில் சிக்காமல் இருக்க வேண்டுமென்றே சுருதியை மாற்றி ஏற்றுகிறார்கள். அது எந்தக் கணக்குக்கும் வராது, விட்டுவிடுங்கள்.

சுருதி சரியாக இருந்தும் மோகனின் குரல் மட்டும் வேறு மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால், அது கோளாறு அல்ல. மோகன் படங்களில் பெரும்பாலானவற்றில் அவருக்குப் பேசியது எஸ்.என். சுரேந்தர். பாடியது பெரும்பாலும் எஸ்.பி.பி. அதாவது தமிழ்நாடு 'மோகன்' என்று நெஞ்சில் வைத்திருப்பது ஒரு முகமும் இரண்டு குரலும் சேர்ந்த ஆளை. மூன்றும் எவ்வளவு இசைவாகப் பொருந்தின என்பதற்கு 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தைப் பாருங்கள். பேச்சிலிருந்து பாட்டுக்குப் போகும் இடத்தில் குரல் கை மாறுகிறது. சுரேந்தர் பேச்சை மென்மையாக, கொஞ்சம் தாழ்த்தி முடிப்பார், எஸ்.பி.பி. அதே தாழ்விலிருந்து எடுப்பார். மோகனோ மைக்கைப் பிடிக்கும் விதத்திலும் மூச்சு எடுக்கும் இடத்தில் தோளை உயர்த்துவதிலும் பிசகவே மாட்டார். 'மைக் மோகன்' என்ற பெயரைக் கிண்டலாக நினைப்பவர்கள் உண்டு. பாட்டுக்கு உதடசைப்பதில் அவ்வளவு பொறுப்பாக நடித்தவர்கள் குறைவு என்பதால் வந்த பெயராகவே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கதாநாயகிகளுக்கும் இதே நிலைதான். 1985-ன் 'முதல் மரியாதை'யில் ராதாவுக்குக் குரல் கொடுத்தவர் ராதிகா. அந்தப் பரிசல்காரிப் பெண்ணின் முரட்டுப் பாசத்தில் பாதி அந்தக் குரலில் இருக்கிறது. அன்றைய கேமராக்கள் ஓடும்போது போடும் சத்தத்தில் படப்பிடிப்பிலேயே பேச்சைப் பதிவுசெய்ய முடியாது. எல்லோரும், சொந்தக் குரலில் பேசியவர்கள் உட்பட, பிறகு டப்பிங் தியேட்டரில்தான் பேசினார்கள். எனவே உதடும் சொல்லும் மயிரிழை விலகியிருப்பது அன்றைய படங்களின் இயல்பு. அதைப் பார்த்து ஆடியோவை முன்னே பின்னே நகர்த்தாதீர்கள். நகர்த்தத்தான் வேண்டுமா என்று அறிய, கன்னத்தில் அறை விழும் காட்சியைப் பாருங்கள். அடியும் சத்தமும் ஒன்றாக விழுந்தால் எல்லாம் சரி.

படம் முழுசாக இருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி, தொடக்கத்தில் காட்டும் தணிக்கைச் சான்றிதழ். அதில் எத்தனை ரீல், எத்தனை மீட்டர் என்று இருக்கும். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27.4 மீட்டர் ஓடும். சான்றிதழில் 4,000 மீட்டர் என்றிருந்தால் 146 நிமிடம் வர வேண்டும். 25 ஃபிரேம் பிரதியென்றால் 140 நிமிடம். உங்களிடம் இருப்பது 125 நிமிடம்தான் ஓடுகிறதென்றால் ஏறக்குறைய கால் மணி நேரம் காணவில்லை. அனேகமாக இரண்டு பாட்டு, அல்லது கவுண்டமணி–செந்தில் தனி ட்ராக்கின் ஒரு பகுதி.

வெட்டியது யார் என்பதைக்கூடக் கண்டுபிடிக்கலாம். பிரின்ட்டில் ஒலி, தனக்குரிய படத்தை விட ஏறக்குறைய 20 ஃபிரேம் முன்னால் பதிந்திருக்கும், ஏனென்றால் ப்ரொஜக்டரில் படம் விழும் வாசலுக்குக் கீழே தள்ளித்தான் ஒலியைப் படிக்கும் பகுதி இருக்கிறது. பிரின்ட் அறுந்து ஆபரேட்டர் ஒட்டிய இடத்தில் முதலில் படம் துள்ளும், ஒரு நொடிக்குள் ஒலி துள்ளும். படமும் ஒலியும் ஒரே கணத்தில் துள்ளினால், அது பின்னாளில் டிவி நேரத்துக்காகவோ சிடியில் அடங்குவதற்காகவோ உட்கார்ந்து வெட்டியது. முதல் வகையில் போவது சில ஃபிரேம்கள்தான், பொருட்படுத்த வேண்டாம். இரண்டாவது வகையில்தான் பாட்டுகள் போகும்.

மேல் வலது மூலையில் அவ்வப்போது ஒரு வட்டப் புள்ளி மின்னி மறைகிறதா? ரீல் முடியப் போகிறது, அடுத்த ப்ரொஜக்டரைத் தட்டு என்று ஆபரேட்டருக்குச் சொல்லும் குறி அது. முதல் குறி ரீல் முடிய ஏறக்குறைய 8 நொடிக்கு முன், இரண்டாவது ஒரு நொடிக்கு முன். இந்தப் புள்ளி தெரிந்தால் உங்கள் பிரதி நெகடிவிலிருந்து வந்ததல்ல, ஊர் ஊராக ஓடிக் களைத்த ஒரு தியேட்டர் பிரின்ட்டிலிருந்து வந்தது. தூசியும் இதைச் சொல்லும். வெள்ளைப் பொட்டு என்றால் நெகடிவில் ஒட்டியிருந்த தூசு, கறுப்புப் பொட்டு என்றால் பிரின்ட்டில் ஒட்டியிருந்த தூசு.

நல்ல பிரதி ஏன் இவ்வளவு அரிதாகிப் போனது? அன்றைய ஃபிலிமின் அடித்தளம் அசிடேட். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அது தானே சிதைந்து காடி வாசம் வீசும், சுருங்கி நெளியும், கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ஒரு டப்பாவில் தொடங்கினால் பக்கத்து டப்பாவுக்கும் பரவும். குளிரூட்டி, ஈரம் நீக்கி வைத்தால்தான் தப்பும். சென்னைக் கோடையில் சாதாரண அறையில் அடுக்கி வைத்த நெகடிவ் எத்தனை ஆண்டு தாங்கும்? தயாரிப்பாளர் தொழிலை விட்டிருப்பார், உரிமை கை மாறியிருக்கும், லேபில் கிடந்த டப்பாவைக் கேட்க ஆள் இருந்திருக்காது. தமிழ்நாடே பாடிக்கொண்டிருந்த பாட்டுகள் உள்ள படங்களுக்கே இன்று வீடியோ நகல்தான் மிச்சம் என்பது நெஞ்சை அறுக்கிற விஷயம். எனவே பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்த யூட்யூப் சேனலிலோ ஓடிடி தளத்திலோ புதிதாக ஸ்கேன் செய்து போட்ட பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள். யாரோ ஏற்றிய பிரதியில் கீழே தொலைபேசி எண்ணும் மூலையில் மூன்று சேனல் முத்திரையும் ஓடும்.

நிறம் செக்கச்செவேல் என்று இருந்தால் காரணம் சாயம். வண்ணப் பிரின்ட்டில் மூன்று சாய அடுக்குகள் உண்டு. 80-களின் தொடக்கம் வரை வந்த பிரின்ட் ஃபிலிமில் பச்சைநீல அடுக்கு முதலில் வெளிறிவிடும். அது போனால் வானமும் முகமும் எல்லாமே இளஞ்சிவப்பு. டிவியில் நிறத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். நிறத்தைச் சற்றுக் குறைத்து, வண்ண வெப்பத்தை 'கூல்' பக்கம் தள்ளுங்கள். முழுசாகத் திரும்பாது, ஆனால் வெள்ளை வேட்டி வெள்ளையாகும்.

கேசட் வழி வந்த பிரதிகளில் வேறொரு தொல்லை. விஎச்எஸ் என்ற வீடியோ கேசட் முறை ஒளியை ஓரளவு கூர்மையாகப் பதியும், நிறத்தை மிக மங்கலாகத்தான் பதியும். அதனால் அழுத்தமான சிவப்பும் மஞ்சளும் தன் எல்லையைத் தாண்டி வழியும். ராமராஜனின் சட்டைகள் இதில் படாத பாடு படும். 1989-ல் 'கரகாட்டக்காரன்' பார்த்தவர்கள் அந்த நிறங்களைத் திருவிழாவின் நிறமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். கரகம், பாவாடை, சட்டை எல்லாம் ஒரே குடும்பத்து நிறம். கேசட் பிரதியில் அது வெறும் கூச்சலாகத் தெரியும், உடை ரசனையே கெட்டது என்று இளையவர்கள் நினைத்துவிடுவார்கள்.

இருட்டுக் காட்சிகள்தான் எல்லாவற்றிலும் பெரிய நட்டம். பி.சி. ஸ்ரீராம் 'மௌன ராகம்' (1986), 'நாயகன்' (1987), 'அக்னி நட்சத்திரம்' (1988) படங்களில் முகத்தின் ஒரு பக்கத்தை நிழலில் விட்டுவிடுவார். 'நாயகன்' ஒளிப்பதிவுக்கும், தோட்டா தரணியின் கலை இயக்கத்துக்கும், கமலின் நடிப்புக்கும் தேசிய விருது கிடைத்தது. 35 மி.மீ.யில் அந்த நிழலுக்குள் கண் தெரியும், கண்ணில் ஈரம் தெரியும். 352×288 புள்ளி கொண்ட வீடியோ சிடியில் (விசிடி) அதே நிழல் ஒரு கறுப்புச் சதுரம். திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த 'ஊமை விழிகள்' (1986) படத்துக்கும் இதே கதி. விஜயகாந்த் வயது கூடிய காவல் அதிகாரியாக வருகிறார். கதையின் பயம் முழுக்க இரவில் இருக்கிறது, கெட்ட பிரதியில் அந்த இரவில் ஒன்றுமே தெரியாது. இந்த நான்கு படங்களை நல்ல பிரதி கிடைக்கும் வரை காத்திருந்து பாருங்கள். பார்க்கும்போது அறை விளக்கை அணையுங்கள். டிவியின் ஒளியைக் கூட்டாதீர்கள், கறுப்பு சாம்பலாகிவிடும்.

டிவியில் செய்ய வேண்டியவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'சினிமா' முறையைத் தேர்ந்தெடுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணையுங்கள், அது இருந்தால் படம் சீரியல் மாதிரி ஆகிவிடும். படத்தின் இரைச்சல் நீக்கியை ('நாய்ஸ் ரிடக்ஷன்') அணையுங்கள், ஃபிலிமுக்கே உரிய மணல் போன்ற புள்ளிகளை அழிக்கிறேன் என்று முகத்தை மெழுகாக்கும். ஷார்ப்னஸ் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். விசிடி தரமான பிரதியென்றால் 55 அங்குல டிவியிலிருந்து பத்தடியாவது தள்ளி உட்காருங்கள்.

ஒலி மோனோ. அன்றைய பிரின்ட்டுகளில் பெரும்பாலும் ஒற்றைத் தடம், திரைக்குப் பின்னால் இருக்கும் ஒலிபெருக்கி. இதைப் பின்னாளில் பல ஸ்பீக்கருக்கான '5.1' ஒலியாக மாற்றிய சில பிரதிகளில் பின்னணி இசையை வேறு ஆள் வைத்துத் திரும்ப வாசித்திருப்பார்கள், வசனத்தில் கிணற்றுக்குள் பேசும் எதிரொலி இருக்கும். இரண்டும் கிடைத்தால் மோனோவையே எடுங்கள். இளையராஜா வயலின்களை எங்கே நிறுத்தினார், எந்த இடத்தில் இசையே வேண்டாம் என்று விட்டார் என்பது அந்தப் படத்தின் பாதி. டிவியின் 'சரவுண்டை' அணைத்துவிடுங்கள். குரல் இடப்பக்க ஸ்பீக்கரில் மட்டும் வந்தால், போனிலோ டிவியிலோ அணுகல்தன்மை அமைப்பில் 'மோனோ ஆடியோ'வைப் போட்டால் இரண்டிலும் வரும்.

பாட்டு கேசட்டில் இருந்த மாதிரி படத்தில் இல்லை என்று அப்பா சொன்னால், அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். படத்தில் ஒரு சரணம் குறைந்திருக்கும், இடையிசை சுருங்கியிருக்கும். அவர் மனதில் பதிந்தது கேசட் வடிவம், ஏனென்றால் படத்தை மூன்று முறை பார்த்திருந்தால் பாட்டை முந்நூறு முறை கேட்டிருப்பார்: டீக்கடையில், கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில், இலங்கை வானொலியில், வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சியில். பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவுக் கடையில் பதியவைத்த கேசட் இன்னும் வீட்டில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். 90 நிமிட கேசட்டில் பக்கத்துக்குப் பத்துப் பாட்டு இருக்கும். ஓடவிடும் முன் ஒருமுறை முழுக்க முன்னே சுற்றி, பின்னே சுற்றிக்கொள்ளுங்கள், ஒட்டியிருக்கும் நாடா பிரியும். நாடாவைத் தலையோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கும், அதை ஒட்டிவிட்டுப் போடுங்கள். வீடியோ கேசட்டின் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் நுழைக்கவே நுழைக்காதீர்கள், டெக்கின் தலையும் போகும், அடுத்துப் போடும் கேசட்டும் போகும்.

வசனமே கேசட்டாகி ஊரெல்லாம் ஒலித்தது 1984-ன் 'விதி'. பூர்ணிமாவுக்காக சுஜாதா வாதாடும் நீதிமன்றக் காட்சிகளைப் பெரியவர்கள் பலர் இன்றும் வரிசையாகச் சொல்வார்கள். மோகன் அதில் ஏமாற்றுகிற ஆள். அவ்வளவு நல்ல பிள்ளையாகப் பெயர் வாங்கியவர் அந்த வேடத்தை ஏற்றதும், ஜனம் அதையும் ஏற்றுக்கொண்டதும் அந்தக் காலத்துக்கே உரிய தைரியம். இந்தப் படத்துக்குப் பிரதி சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, காதுக்கான படம்.

எந்தப் படத்தில் தொடங்குவது என்று கேட்டீர்கள். உங்கள் பெற்றோர் சொன்ன பெயர்களுக்கு, நல்ல பிரதி கிடைத்தால், 'மௌன ராகம்' முதல். ரேவதி, மோகன், கார்த்திக் மூவரும் இருக்கிறார்கள். கார்த்திக் முன்கதையில் கொஞ்ச நேரம்தான் வருகிறார், ஆனால் படம் முடியும் வரை அவர் அந்த வீட்டுக்குள்ளேயே இருப்பது போலிருக்கும். மோகன் எதிர்ப்பக்கம்: கத்தாமல், காத்திருக்கிற கணவன். ரேவதி இரண்டு பேரிடமும் இரண்டு விதமாக மூச்சு விடுவதைக்கூடக் கவனிக்கலாம். 'மண்வாசனை'யில் (1983) அறிமுகமாகி மூன்று ஆண்டில் அவர் எட்டிய இடம் அது. அறிமுகப்படுத்திய பாரதிராஜா, ராதிகா, ரதி, ராதா, ரேவதி, ரஞ்சனி, ரேகா என்று 'ர' வரிசையாகவே கொண்டுவந்தது அம்மாவுக்கு நிச்சயம் நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

கார்த்திக்குக்கு அடுத்து 'அலைகள் ஓய்வதில்லை' (1981), பிறகு 'அக்னி நட்சத்திரம்'. முதலாவதில் கைகால் எங்கே வைப்பது என்று தெரியாத பையன், ஏழு ஆண்டு கழித்துப் பிரபுவுக்கு எதிரே நிற்கும்போது உடம்பில் ஒரு துள்ளல் வந்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

விஜயகாந்துக்குப் பலரும் சண்டைப் படத்தைத்தான் தேடுவார்கள். 'வைதேகி காத்திருந்தாள்' (1984) பாருங்கள். கோபத்தை ஒதுக்கிவிட்டு, துக்கத்தை உடம்பில் சுமந்து நடக்கிறார். அந்த ஓராண்டில் மட்டும் அவருக்கு 18 படங்கள் வந்தன. அவ்வளவு ஓட்டத்துக்கு நடுவே இப்படி ஒரு அமைதி எப்படி வந்தது என்பதே வியப்பு.

ரஜினி, கமலைப் பற்றி எழுத நிறையப் பேர் உண்டு, அதனால் சுருக்கமாக. 1982-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கமலுக்கு 'மூன்றாம் பிறை', 'சகலகலா வல்லவன்' இரண்டும் ஒரே ஆண்டு. ஒன்று தேசிய விருது, மற்றொன்று வசூல். ரஜினிக்கு 'மூன்று முகம்'. அலெக்ஸ் பாண்டியன் வருவது முன்கதையில் மட்டுமே, ஆனால் ஜனம் சொல்வது அந்தப் பெயரைத்தான். 'தில்லு முல்லு'வை (1981) அதன் முன்னால் பார்த்துவிட்டால், அந்த வேகத்துக்குப் பின்னால் எவ்வளவு சுத்தமான நகைச்சுவைக் கணக்கு இருந்தது என்று புரியும்.

சத்யராஜுக்கு 'காக்கிச் சட்டை' (1985) முதலில், 'கடலோரக் கவிதைகள்' (1986) அடுத்த நாள். வரிசை மாற வேண்டாம். வில்லனாக ஜனம் பயந்து ரசித்த அதே ஆளை மறு ஆண்டே டீச்சர் முன்னால் கைகட்டி நிற்கவைத்தபோது தியேட்டரில் என்ன நடந்திருக்கும் என்பது அந்த வரிசையில் பார்த்தால்தான் விளங்கும். பாக்யராஜுக்கு 'அந்த 7 நாட்கள்' (1981). 'முந்தானை முடிச்சு' (1983) பிறகு. திரைக்கதை எழுதத் தெரிந்தவர் தனக்கு எந்தக் காட்சியில் பெருமை வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கிறார் என்பதை முதல் படத்தில் கவனியுங்கள்.

நாளைக்கு ஒரு படம் போதும். அன்று ஒரு ஊருக்குப் படப்பெட்டி வந்தால் வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும், நூறு நாள் என்றால் பதினான்கு வாரம், வெள்ளிவிழா என்றால் 25 வாரம். பார்த்தவர்களுக்கு ஒரு படத்தோடு வாழ நேரம் இருந்தது, ஒரே மூச்சில் மூன்று படம் ஓட்டினால் அந்த அனுபவம் கிடைக்காது. 'இடைவேளை' என்று அட்டை வரும் இடத்தில் உண்மையாகவே நிறுத்துங்கள். திரைக்கதையை அந்த இடத்தில் மூச்சு வாங்குவதற்கென்றே எழுதியிருக்கிறார்கள். விளக்கைப் போட்டு, பத்து நிமிடம், முறுக்கும் டீயும். அப்பா அம்மா எந்தத் தியேட்டரில், யாரோடு பார்த்தார்கள் என்று பேச்சு தானாக அப்போது வரும். பேச்சு முடிந்த பிறகு இரண்டாம் பாதியைப் போடுங்கள்.